தாமதக் கூலி

பேஹெட் சாலையில் லாரிகள் நகராத காலைகளில்
எனக்கு வேலை அதிகம்.
இறக்கிய பெட்டி டர்பன் துறைமுகத்தில் கிடக்கக் கிடக்க
நாள் கணக்கில் ஏறும் தொகைக்கு
அலுவலகத்தில் ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு.
நான் மனசுக்குள் தாமதக் கூலி என்பேன்.
அதைக் குறைப்பதுதான் என் பிழைப்பு.

போன வாரம் கோபன்ஹேகன்காரன் ஒருவன்
நாற்பத்தாறு பெட்டிக்கு ஒன்பது லட்சம் ராண்ட் கேட்டான்.
காற்றடித்து கிரேன் நின்ற நேரத்தை
மணிவாரியாக வாசித்துக் காட்டினேன்.
பிறகு வாயை மூடிக்கொண்டேன்.
தொலைபேசியில் மௌனத்துக்கு எடை உண்டு;
தாங்க முடியாதவன் முதலில் பேசுவான்.
ஒன்பது, மூன்றரை ஆனது.
"கோகிலம், நீ புலி" என்றார் பதயாச்சி.
புலிக்கு ஒரு பெட்டி சமோசா வந்தது.

கணக்குப் பிரிவு நோம்பூசோ
கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் சொன்னாள்,
தண்ணீர்ச் சத்தத்துக்குள் ஓர் எண்ணை.
பக்கத்து மேசை டெரோஷனின் சம்பளம்.
எனக்கு நான்கு வருடம் பின்னால் சேர்ந்தவன்.
என்னுடையதைக் கழித்துப் பார்த்தேன்:
மாதம் ஆறாயிரத்து இருநூறு.

எப்படிக் கேட்டானாம்?
ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதயாச்சி வீட்டுக் கரியடுப்பில்
ஆட்டுக்கறியைத் திருப்பிப் போட்டபடி,
"பாஸ், இதில் குடும்பம் ஓடாது."
கறி வேகுமுன் சம்பளம் ஏறிவிட்டது.
அந்த ஞாயிறு நானும் அங்கேதான் இருந்தேன்.
உள்ளே, மற்றப் பெண்களோடு,
வெங்காயம் நறுக்கிக்கொண்டு.

கேட்காதவள் இல்லை நான்.
"உங்களுக்கு நேரமிருந்தால்", "தப்பாக நினைக்காதீர்கள்",
"கம்பெனி நிலைமை எனக்கும் தெரியும்" –
தொகைக்கு முன்னால் இத்தனை தலையணை வைத்தேன் ஒருமுறை.
அடுத்த முறை தலையணை இல்லாமல் கேட்டேன்.
மனிதவளக்காரி அழைத்துக் கதவைச் சாத்தி
"வீட்டில் எல்லாம் சரிதானே?" என்றாள்.
குனிந்தால் தொகை தெரிவதில்லை,
நிமிர்ந்தால் நான் மட்டுமே தெரிகிறேன்.

கூலி –
நம் மொழியில் அது உழைத்த கைக்கு வருவது.
இந்த ஊரில் அந்தச் சொல்லை ஆளுக்கு வைத்தார்கள்,
தொகையை மறந்துபோனார்கள்.
அப்பா அதை வசையாகக் கேட்ட தெருவில்தான்
தினமும் என் காரை நிறுத்துகிறேன்.

வியாழன் இரவு, மின்வெட்டு.
மடிக்கணினியில் மிச்சமிருந்த சார்ஜில்
இன்வாய்ஸ் ஒன்று அடித்தேன்.
சரக்கு: கோகிலம் மூட்லி, எண்ணிக்கை ஒன்று.
தாமதம் தொடங்கிய தேதி: அந்த ஞாயிறு.
கிடந்த நாள்: எழுநூற்றுப் பதினெட்டு.
நாளொன்றுக்கு: இருநூற்று நான்கு ராண்ட்.

பதயாச்சி கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, சிரித்தார்.
"என்னம்மா விளையாட்டு? டெரோஷன் சும்மா வாயால் கேட்டான்."
"ஆமாம்" என்றேன்.
அதற்குமேல் நாக்கில் மூன்று வாக்கியங்கள்:
மன்னிக்கவும். அவசரமில்லை. உங்களுக்கு எப்போது முடியுமோ.
பேஹெட் லாரிகள்போல் வரிசையில் நிறுத்திவைத்தேன்.
சன்னலுக்கு வெளியே ஹாடிடா ஒன்று
யாரையோ திட்டிக்கொண்டே பறந்தது.
ஏசி நின்று, மறுபடி ஓடியது.
அவர் பேனாவை எடுத்தார். வைத்தார்.
முகத்தைப் பார்த்தபடி வாய்மூடியிருப்பது
தொலைபேசியைவிடக் கடினம்.
அவர் காதோரம் வேர்த்தது; எனக்கே பாவமாக இருந்தது.
அந்தப் பாவத்தையும் கடித்துக்கொண்டேன்.

"மூவாயிரம்" என்றார்.
புலி என்று இந்த முறை சொல்லவில்லை.
சமோசாவும் வரவில்லை.

"கோகிலம் முன்னைப்போல இல்லையென்று பேசிக்கொள்கிறார்கள்,"
திங்கட்கிழமை, குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னாள் நோம்பூசோ.
எட்டிக் குழாயை மூடினேன்.
"மூவாயிரம் வந்தது. மூவாயிரத்து இருநூறு பாக்கி" என்றேன்,
அடுத்த அறைக்கும் கேட்கட்டும் என்று.
"உன்னுடையது எவ்வளவு?"